விடுபட்டால் இரண்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நான்காவது பொன்ச்கியைக் கடித்துக்கொண்டே, ஒற்றைக்கால் மனிதர் ஒருவருக்கு இரண்டு கால்களிலும் வீக்கம் இல்லை என்று எழுதியிருந்ததை ரோமன் சோப்சாக் படித்தான். எண்ணெயில் பொரித்த அந்தப் போலந்து இனிப்பு உருண்டையிலிருந்து பிளம் ஜாம் தாடையில் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. முந்தைய மாதக் குறிப்பைத் திறந்தான்: இரண்டு கால்களிலும் வீக்கம் இல்லை. அதற்கு முந்தைய மாதமும் அதே. இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டியெடுத்த அறுவைச் சிகிச்சைக் குறிப்போ பதினாறு மாதம் பழையது. அன்றிலிருந்து யாரோ ஒரு டாக்டர் ஒரே குறிப்பை மாதாமாதம் நகலெடுத்து ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். வெட்டிய கால் எந்தக் குப்பையில் போனதோ, கோப்பில் மட்டும் அது வீக்கமில்லாமல் சௌக்கியமாக இருந்தது.

"இடது கால் நல்லா இருக்காம்," என்று அறையிடம் சொன்னான். அறையில் யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

மருத்துவமனையின் நிலவறையில் அந்த நாற்காலியில் அவனுக்கு இது ஆறாவது வருஷம். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் நான்காவது மாடியில் இதய நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக இருந்தான். முந்நூறு பவுண்டு மனிதர் ஒருவரைக் குளியலறையில் தாங்கிப் பிடித்த அன்று அவன் முதுகெலும்பு ராஜினாமா செய்தது. நிர்வாகம் அவனைக் கீழே இறக்கி, நோயாளிகளுக்குப் பதிலாக அவர்களுடைய கோப்புகளைக் கொடுத்தது. இதயச் செயலிழப்பு நோயாளிகளின் கோப்புகளைப் படித்து, ஒவ்வொருவருக்கும் எண்பத்து நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும். டொலீடோ நகரைச் சுற்றி அந்தக் குழுமத்துக்குப் பதினோரு மருத்துவமனைகள். எல்லாவற்றின் படிவங்களையும் ரோமனே நிரப்புவான், அவை ஒரே பதிவேட்டுக்குப் போகும். எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் பெரிய மனிதர்கள் முடிவு செய்வார்கள். முன்பு இரண்டு பேர் பார்த்த வேலை இது. மற்றவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே பல் இருக்கிறதா இல்லையா என்பதாவது தெளிவாகத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒற்றைக்கால் மனிதரின் படிவத்தில் முப்பத்தேழாவது கட்டத்துக்கு வந்தான். மூச்சிரைப்பு எந்த அளவு என்று கேட்கும் கட்டம். இரைப்பே இல்லையென்றால் ஒன்று, மாடிப்படி ஏறினால் இரைத்தால் இரண்டு, கழிவறை வரை நடந்தாலே இரைத்தால் மூன்று, சும்மா உட்கார்ந்திருந்தாலும் இரைத்தால் நான்கு. குழந்தைகூடக் கேட்டுவிடக்கூடிய கேள்வி. டாக்டர்கள் மட்டும் கேட்பதில்லை, கேட்டாலும் எழுதுவதில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் மூடாது. சிவப்பாக ஒளிர்ந்து ஒரு மணியை அடிக்கும்.

ரோமன் இரண்டு போட்டான். படிவம் மூடிக்கொண்டது.

அவன் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. முதல் வாரம் அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த கிளாடிஸ் எழுதியது: 'விடுபட்டால் 2'. கிளாடிஸ் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். சீட்டின் பசை போய், ரோமன் மூன்று தடவை டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். நாலு இலக்கத்தில் இரண்டு பாதகமில்லாத இலக்கம் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். விருந்தில் யாரும் குறை சொல்ல முடியாத மேசையில் உட்காருவது மாதிரி.

கதவைத் தட்டாமல் டெல்ஃபின் மார்ஷ் உள்ளே வந்தாள். ஐந்தாவது மாடியில் புள்ளிவிவரக் கணக்குப் போடுகிறவள். முப்பத்தைந்து வயது, எப்போதும் கையில் திறந்த மடிக்கணினி. நிலவறைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"சலவை அறைக்குள்ள போயிட்டேன். ஒருத்தர் என் கையில நாலு போர்வையைக் கொடுத்துட்டார்," என்றாள்.

"உட்காருங்க. பொன்ச்கி எடுத்துக்கங்க. நாளையிலேருந்து நோன்பு, இன்னிக்கே பாவம் செஞ்சிடணும்."

"ரோமன், முப்பத்தேழாவது கட்டத்தைப் பத்திக் கேக்கணும்."

அவன் பொன்ச்கியைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு மதியம் குழுக் கூட்டம். பழைய மாத்திரையா புது மாத்திரையான்னு முடிவு பண்ணப் போறாங்க. டாக்டர் விட்லோவோட ஆய்வு. புதுசுதான் ரொம்ப மேல்னு என் கணக்கு சொல்லுது. குழு ஒத்துக்கிட்டா, பழைய மாத்திரை சாப்பிடற எல்லாரையும் கோடைக்குள்ள புதுசுக்கு மாத்திடுவாங்க."

"தெரியும். என் மச்சானுக்குக் கடிதம் வந்திருக்கு."

"ஆனா எனக்கு ஒரு உறுத்தல். பழைய மாத்திரைக்காரங்கள்ல நூத்துக்கு எண்பத்தோரு பேர் 'இரண்டு'. மனுஷங்க இவ்வளவு ஒழுங்கா வரிசையில நிக்க மாட்டாங்க."

ரோமன் திரையின் ஓரத்தைச் சுட்டினான். அவள் குனிந்து மஞ்சள் சீட்டைப் படித்தாள். பிறகு குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"எண்பத்தொண்ணு உங்க கணக்குன்னா, அந்த எண்பத்தொண்ணும் நான்தான்."

"புது மாத்திரைக்காரங்களுக்கு மட்டும் எப்படி நிஜ இலக்கம் இருக்கு?"

"நிஜமா?" ரோமன் சிரித்தான். ஒரு கோப்பைத் திறந்தான், இன்னொன்றைத் திறந்தான், மூன்றாவதைத் திறந்தான். மூன்றிலும் ஒரே கடிதம். புது மாத்திரைக்கு இன்சூரன்ஸ்காரன் அனுமதி கொடுக்க வேண்டுமென்றால் மூச்சிரைப்பு அளவை எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு என்று எழுதினால் திருப்பிக் கேள்வி கேட்பான். மூன்று என்று எழுதினால் மறுநாளே கொடுத்துவிடுவான். ஆகவே டாக்டர்களின் அலுவலகங்களில் எல்லாரும் மூன்று என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். "இந்தம்மாவைப் பாருங்க. கடிதத்துல மூணு, கழிவறைக்கு நடந்தாலே மூச்சு வாங்குமாம். அதே வாரம் நர்ஸ் எழுதின குறிப்புல, பேத்தி கல்யாணத்துல போல்கா நடனம் ஆடினாங்களாம். எங்க பதிவேட்டுக்குக் கடிதம்தான் சாட்சி. போல்காவுக்குக் கட்டம் இல்லை."

டெல்ஃபின் நெற்றியைத் தேய்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே ரோமனுக்குப் புரிந்திருந்தது. புது மாத்திரைக்காரர்களை அலுவலகங்கள் காகிதத்தில் மோசமாக்கிவிட்டன. பழைய மாத்திரைக்காரர்களை இவன் காகிதத்தில் சுகமாக்கிவிட்டான். கணக்கு என்ன நினைக்கும்? இவ்வளவு மோசமானவர்கள் பிழைத்திருக்கிறார்கள், இவ்வளவு சுகமானவர்கள் செத்திருக்கிறார்கள், ஆகா புது மாத்திரையே மாத்திரை என்று நினைக்கும்.

"அப்போ புது மாத்திரை மோசமா?" என்று கேட்டான்.

"தெரியாது. நல்லதாவே இருக்கலாம். இந்தக் கணக்குக்கு அது தெரியாது, அவ்வளவுதான்." அவள் யோசித்தாள். "இன்சூரன்ஸ் பில்களை வெச்சுப் போட்டுப் பார்க்கலாமா? இல்லை, மருந்துக்கடைப் பட்டியல்?"

"பில்லுல எந்த நோயை எழுதினா பணம் வருமோ அந்த நோய் இருக்கும். மருந்துக்கடைப் பட்டியல்ல நம்ம மிஸஸ் ஹல்பர்ட் இருக்காங்க. ஆகஸ்ட்ல செத்துட்டாங்க. தபால்ல மாத்திரை நவம்பர் வரைக்கும் வீட்டுக்கு வந்திருக்கு. ஒழுங்கா மருந்து சாப்பிடறவங்கன்னு பட்டியல்ல முதல் வரிசையில இருக்காங்க. செத்த பிறகு ஒரு வேளைகூடத் தவறவிடலை."

"நம்ம கோப்புல இறப்பாவது சரியா இருக்குமில்ல?"

"இங்க செத்தா இருக்கும். வீட்டுல செத்தா, அடுத்த சந்திப்புக்கு வராதவர்னு இருக்கும். அபராதக் கடிதமும் போகும்."

அவள் சிரிக்கவில்லை. இவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளின் நாடியைப் பிடித்த கைவிரலில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"நாளைக்குக் கூட்டத்துக்கு நீங்களும் வாங்க," என்றாள் டெல்ஃபின், எழுந்துகொண்டே. "நான் சொன்னா கணக்கு. நீங்க சொன்னாத்தான் சாட்சி."

அன்று மாலை பந்துருட்டும் கூடத்தில் செஸ்டர் நோவிட்ஸ்கி கதவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து எல்லாருடைய புள்ளிகளையும் எழுதிக்கொண்டிருந்தான். ரோமனின் முன்னாள் மனைவி இரீனுக்கு அண்ணன் அவன். விவாகரத்தில் இரீன் வீட்டை எடுத்துக்கொண்டு, செஸ்டரை ரோமனுக்கு விட்டுவிட்டு அரிஸோனாவுக்குப் போய்விட்டாள். நல்ல பங்கு தனக்குத்தான் கிடைத்தது என்று ரோமன் எல்லாரிடமும் சொல்வான். கண்ணாடித் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் சூளை பார்த்த ஆள் செஸ்டர், அறுபத்தொன்பது வயது. முட்டி வலி என்று இரண்டு வருஷமாகப் பந்தைத் தொடுவதில்லை.

"மச்சான், அந்தக் கடிதத்தை என்ன பண்ணினே?" என்றான் செஸ்டர். "நீதானே அங்க வேலை பார்க்கறே. சொல்லி நிறுத்து."

"நான் நிலவறையில இருக்கேன் செஸ்டர். என் பேச்சைச் சலவைக்காரன்கூடக் கேக்க மாட்டான்."

"போன வருஷம் புதுசைத் தின்னுட்டு என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. புது மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் வாரம், மாதா கோவிலின் நோன்புக் கால மீன் விருந்தில், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, கையில் தட்டோடு செஸ்டர் மரம் போலச் சாய்ந்தான். முகம் நேராக முட்டைக்கோஸ் சாலட் பாத்திரத்துக்குள் போயிற்று. பாதிரியார் அதிலிருந்து அவனை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு பழைய மாத்திரைக்கே திரும்பினான்.

"இந்த மாத்திரையில நான் நல்லா இருக்கேன்," என்றான் செஸ்டர். "இதைப் பிடுங்கினா நான் போயிடுவேன். தமாஷுக்குச் சொல்லலை."

ரோமன் தன் முறை வந்ததும் பந்தை உருட்டினான். பந்து பாதையின் ஓரப் பள்ளத்தில் விழுந்தது. செஸ்டருடைய படிவத்தையும் தான்தான் நிரப்பினோம் என்று அப்போது அவனுக்கு ஞாபகம் வந்தது. சொந்தக்காரர் படிவத்தை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று விதி. இன்னொருவர் இல்லை. முப்பத்தேழாவது கட்டத்தில் என்ன போட்டோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சாம்பல் புதன், நோன்பின் முதல் நாள். காலைப் பூசையில் 'மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று சொல்லிப் பாதிரியார் நெற்றியில் பூசிய சாம்பல் சிலுவையோடு ஐந்தாவது மாடிக்குப் போனான். நீள மேசையில் மாட்டிறைச்சி சாண்ட்விச்சுகள் மலைபோல் அடுக்கியிருந்தன. புது மாத்திரைக் கம்பெனியின் உபயம். இன்று இறைச்சி தொடக் கூடாது என்று மேசையில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ரோமன் ஓர் ஊறுகாய்த் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

டாக்டர் பிரெஸ்காட் விட்லோ உயரமான, இனிமையான மனிதர். யாருடைய பெயரையும் மறக்க மாட்டார், யார் சொன்னதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்.

"ரோமன், உங்க நெத்தியில ஏதோ ஒட்டியிருக்கு."

"தெரியும் டாக்டர். வருஷத்துக்கு ஒருதடவை பாதிரியார் என் உடல்நிலையை எழுதிடறார். அவர் கட்டத்தைக் காலியா விடறதில்லை."

சிலர் சிரித்தார்கள். டெல்ஃபின் எழுந்து, நிதானமாக, ஒரு வார்த்தைகூட மிகையில்லாமல் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் சாண்ட்விச் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப நல்ல கவனிப்பு," என்றார் விட்லோ. "இதுக்குத்தான் கடைசிப் பக்கத்துல குறைபாடுகள்னு ஒரு பத்தி வெச்சிருக்கோம். அங்க ஒரு வரி சேர்த்துடலாம்." அவர் அங்கேயே தட்டச்சு செய்து படித்துக் காட்டினார்: "'சில விவரங்கள் முழுமையாகப் பதிவாகாமல் இருந்திருக்கக் கூடும்.' சரியா?"

"சரியில்லை டாக்டர்," என்றான் ரோமன். "பதிவாகாம இல்லை. நான் பதிவு பண்ணியிருக்கேன். காலையில எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து நூத்திப் பன்னிரண்டு தடவை."

"உங்க நேர்மையை மதிக்கிறேன்."

"மதிக்க வேண்டாம். யாராவது ஒரு நோயாளியைக் கூப்பிட்டு, எத்தனை படி ஏறுவீங்கன்னு கேக்கலாமே."

"அது இந்த ஆய்வோட முறை இல்லையே ரோமன்." விட்லோ பொறுமையாக, பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "சோதனைக்கூடத்துல பொறுக்கியெடுத்த நோயாளிகளை வெச்சு நடத்தற ஆய்வு வேற. இது நிஜமான, அன்றாட வைத்தியத்துல என்ன நடக்குதோ அதை அப்படியே பார்க்கறது. அதுதான் இதோட பலமே."

"அன்றாடம் நடக்கறது நான்தான் டாக்டர். கீழ உட்கார்ந்து ஜாம் நக்கிக்கிட்டு ரெண்டு போடறேன். அதுதான் நிஜம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இறுதி விவரங்களை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டிலிருந்து எடுப்பதாகவும், அதன் பேரில் மாற்றத்துக்குக் கொள்கையளவில் சம்மதம் என்றும் குழு முடிவு செய்தது. மீந்துபோன சாண்ட்விச்சுகளை நர்ஸ்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரோமன் லிஃப்டில் இறங்கினான்.

கீழே வந்து உட்கார்ந்து, படிவத்தின் மேல் மூலையில் இருக்கும் சின்ன ஆரஞ்சுக் கொடியைப் பார்த்தான். சந்தேகக் கொடி. ஒரு விவரம் சரிதானா என்று சந்தேகம் வந்தால் அதை அழுத்தி, சிகிச்சை செய்த டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். டாக்டர் பதில் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அந்தப் படிவம் எந்தக் கணக்கிலும் சேராது. பதிவேட்டின் விதி அது, பதினோரு மருத்துவமனைக்கும் பொது. ஆறு வருஷத்தில் ரோமன் அதை மூன்று தடவைதான் அழுத்தியிருந்தான். ஒவ்வொரு கொடிக்கும் நான்கு சொடுக்கு, ஒரு டாக்டரின் எரிச்சல். மஞ்சள் சீட்டுக்கு ஒரு சொடுக்குப் போதும். ஆறு வருஷமாக அந்த மூன்று சொடுக்கை மிச்சம் பிடித்ததுதான் தன் சேவை என்று நினைத்தபோது, கிளாடிஸ் மேல் வந்த கோபம் பாதியிலேயே திரும்பி அவன் மேலேயே உட்கார்ந்தது.

முதல் படிவத்தைத் திறந்தான். ஒற்றைக்கால் மனிதர். கொடியை அழுத்தி எழுதினான்: 'நோயாளியிடமே கேட்டு எழுதவும். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது?' படி ஏற அவருக்குக் கால் ஒன்றுதான் என்பது நினைவுக்கு வந்து, 'எவ்வளவு தூரம் போனால்' என்று திருத்தினான். அனுப்பினான். அடுத்தது.

புதன் மதியம் போயிற்று. வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை டெல்ஃபின் தொலைபேசியில் வந்தாள்.

"ரோமன், என்ன பண்றீங்க? என் பழைய மாத்திரைக்காரங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முப்பது பேரைக் காணோம்."

"சாகலை. கேள்வி கேட்டிருக்கேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "விதிப்படியா?"

"பக்கம் பத்தொன்பது. ஆறு வருஷத்துல நான் விதிப்படி செய்யற முதல் வேலை இதுதான்."

"நான் எதுவும் பார்க்கலை," என்றாள். வைக்கும் முன், "விரல் வலிச்சா ஐஸ் வைங்க" என்றாள்.

மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் விட்லோவே கீழே வந்தார். அவர் தோளில் ஒரு போர்வை கிடந்தது. சலவை அறை வழியாகத்தான் வந்திருக்கிறார்.

"என் பெட்டியில நாற்பத்து மூணு கேள்வி வந்திருக்கு ரோமன். மத்த டாக்டர்கள் எனக்கு போன் பண்ணிக் கத்தறாங்க. இதையெல்லாம் மூடுங்க."

"என்னால மூட முடியாது டாக்டர். பதில் எழுதறவங்கதான் மூட முடியும். நோயாளியைக் கேட்டா நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"பழைய மாத்திரையில என்கிட்ட மிச்சம் இருநூத்துச் சொச்சம் பேர்தான். இதை வெச்சு ஆய்வை எப்படி அனுப்பறது? மூணு வருஷ உழைப்பு." அவர் குரல் முதல்முறையாக இனிமையை இழந்தது. கண் மஞ்சள் சீட்டில் விழுந்தது. "இதை யார் எழுதினது?"

"கிளாடிஸ். ஃப்ளோரிடாவுல இருக்காங்க. நம்பர் வேணுமா?"

"திங்கட்கிழமை பணியாளர் அலுவலகத்துக்கு வாங்க. ஒன்பது மணிக்கு." கதவருகே போய்த் திரும்பினார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது. "அந்தப் புது மாத்திரை நிஜமாவே நல்ல மாத்திரையா இருந்தா? அதை ஜனங்களுக்குக் கொடுக்கறதை நீங்க தள்ளிப் போட்டிருக்கீங்க. அதை யோசிச்சீங்களா?"

ரோமன் யோசித்திருந்தான். இரண்டு நாளாக ஒவ்வொரு கொடிக்கும் அதைத்தான் யோசித்தான். டாக்டர் போர்வையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாலே முக்காலுக்கு ஆயிரத்து நூற்றுப் பதினொன்று முடிந்தது. மிச்சம் ஒன்று: நோவிட்ஸ்கி, செஸ்டர். அதைக் கடைசிக்கு வைத்திருந்தது வேண்டுமென்றுதான். கேள்வி போனால் டாக்டர் செஸ்டரைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் மாத்திரையைப் பற்றிப் பேச்சு வரும். அந்த ஒன்றை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கொடியின் மேல் அம்புக்குறியை வைத்தான், எடுத்தான். கணினியை அணைக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கோவில் மீன் விருந்து நிலவறைக் கூடத்தில். செஸ்டரின் கார் வாசலை ஒட்டி, ஊனமுற்றவர்களுக்கான இடத்தில் நின்றது. உள்ளே செஸ்டர் ஹீட்டரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், எனக்கும் ஒரு தட்டு வாங்கிட்டு வா. உருளைக்கிழங்கு அதிகமா போடச் சொல்லு. முட்டி வலி."

ரோமன் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவை மூடினான்.

"செஸ்டர், கூடத்துக்கு எத்தனை படி?"

"எதுக்கு?"

"சொல்லு."

"பதினாலு."

"நீ எத்தனை ஏறுவே?"

"என்னடா இது, போலீஸ் மாதிரி? உன் வயித்தை வெச்சுக்கிட்டு நீ எத்தனை ஏறுவே, அதைச் சொல்லு முதல்ல."

"நான் பதினாலும் ஏறுவேன். மேல வந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்வேன். நீ?"

செஸ்டர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு விடும் சத்தம் காருக்குள் கேட்டது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனின் மூச்சு, முடிவில் ஒரு சின்ன விசிலோடு. இந்த விசிலை இருபத்திரண்டு வருஷம் கட்டில் கட்டிலாகக் கேட்டவன் ரோமன். இரண்டு வருஷமாகச் செவ்வாய்தோறும் பந்து உருளும் இரைச்சலில் அது அவன் காதில் விழவில்லை. அல்லது விழுந்தும், இங்கேயும் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிக்கொண்டான்.

"மூணு," என்றான் செஸ்டர். "மூணு படி. அப்புறம் நிக்கணும். கட்டில்ல படுத்து ஒரு வருஷம் ஆச்சு. நாற்காலியில சாய்ஞ்சுதான் தூங்கறேன். இரீன்கிட்ட சொல்லிடாதே."

"டாக்டர்கிட்ட?"

"அவர் கதவுப் பிடியில கையை வெச்சுக்கிட்டு, நல்லாத்தானே இருக்கீங்கன்னு கேப்பார். அப்படிக் கேக்கறவர்கிட்ட வேற என்னத்தைச் சொல்றது? நல்லா இருக்கேன்னேன்." அவன் திரும்பினான். "முட்டியில ஒண்ணும் இல்லை மச்சான்."

"அது இப்போ தெரியுது."

"நீ எழுதி வெச்சிருக்கிற இடத்துல எனக்கு என்ன போட்டிருக்கே?"

"ரெண்டு. மாடி ஏறினா மட்டும்தான் மூச்சு வாங்கும்னு."

"அப்போ ரெண்டாவே இருக்கட்டும். நீ மாத்திப் போட்டா என் மாத்திரையைப் பிடுங்கிடுவாங்க. விட்டுடு. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே."

ஆயிரத்து நூற்றுப் பதினொரு பேரைக் கேட்டு எழுதச் சொல்லி உத்தரவு போட்ட ரோமன், ஒருவனிடம் நேரில் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தான். செஸ்டருக்கு அந்த இரண்டு பிடித்திருந்தது. அதில் அவன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான், கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"முடியாது செஸ்டர்," என்றான். "நீ நல்லா இல்லை. பழைய மாத்திரையோ புதுசோ, எது சரின்னு எனக்குத் தெரியாது. நீ நல்லா இருக்கேன்னு எழுதி வெச்சிருக்கிற வரைக்கும் எவனும் அதைத் தேட மாட்டான்."

"உன்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு."

"திட்டு. எனக்குப் பழக்கம். உன் தங்கச்சிகிட்டப் பயிற்சி எடுத்தவன்."

செஸ்டர் திட்டவில்லை. கூடத்திலிருந்து வெளியே வந்தவர்கள் காரைக் கடந்து போனார்கள். பொரித்த எண்ணெய் வாடை கண்ணாடி வழியாகவும் உள்ளே வந்தது. ஹீட்டர் அதைச் சூடாக்கி முகத்தில் ஊதியது.

"அந்த டாக்டர்கிட்ட நானே சொல்றேன்," என்றான் கடைசியில். "நீ எழுதாதே. உன் கையால எனக்கு ஒரு பொய் எழுதியாச்சு. நிஜத்தை வேற ஆள் எழுதட்டும்."

"நான் கேள்வி மட்டும் அனுப்பறேன்."

"அனுப்பு. நீயும் கூட வா. அவர் கதவுப் பக்கம் போகாம நீ கதவுல நின்னுக்கோ."

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேல எனக்கு நிறைய நேரம் இருக்கும்," என்றான் ரோமன்.

"ஏன்?"

"அப்புறம் சொல்றேன். உருளைக்கிழங்கு அதிகமா, வேற?"

"முட்டைக்கோஸ் சாலட்."

"உனக்கா? அதுக்குள்ள ஏற்கெனவே போயிட்டு வந்தவன் நீ."

"கொண்டுவாடா."

ரோமன் இறங்கிக் கூடத்துக்குப் போனான். பதினான்கு படிகள்தான், எண்ணிப் பார்த்தான். இரண்டு தட்டுகளோடு ஏறி வரும்போது மூன்றாவது படியில், அவனுக்கு அவசியமே இல்லாமல், நின்றான். பின்னால் தட்டோடு வந்த பெண்மணி அவன் நகரக் காத்திருந்தாள். மீனிலிருந்து எண்ணெய் வடிந்து கட்டைவிரல் வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.